மருந்து விற்ற பணத்தில் ஓர் இசைக் கடல்

தஞ்சாவூரில் ஒரு வைத்தியர் இருந்தார். அவருடைய மாத்திரைகளுக்கு நல்ல கிராக்கி. ஊர் ஊராகத் தபாலில் மருந்து போயிற்று. தபாலிலேயே பணம் வந்தது. கடல் கடந்து வாழ்ந்த தமிழர்களும் அவருடைய மருந்தைக் கேட்டு வாங்கினார்கள்.

அவ்வளவு பணத்தையும் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார்?

சங்கீத வித்துவான்களைத் தஞ்சாவூருக்கு அழைத்தார். செலவைத் தாமே ஏற்றுக்கொண்டார். வந்தவர்கள் முன் ஒரு கேள்வியைப் போட்டார். சுருதிகள் எத்தனை? இதுதான் கேள்வி.

கேட்பதற்குச் சின்னக் கேள்வி. அதற்காகவே அவர் தம் பணத்தையும், கடைசிப் பத்துப் பதினைந்து ஆண்டு உழைப்பையும் கொட்டினார்.

அவர்தான் ராவ்சாகிப் ஆபிரகாம் பண்டிதர். தமிழ் இசை ஆராய்ச்சி என்றாலே முதலில் நினைவுக்கு வரும் பெயர்.

சுருளிமலைச் சாமியார்

பண்டிதர் பிறந்தது 1859ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் தேதி. ஊர், தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள சாம்பவர் வடகரை. தகப்பனார் முத்துசாமி நாடார். தாயார் அன்னம்மாள். கிறிஸ்தவக் குடும்பம்.

திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி பெற்றார். அங்கேதான் அவருக்குச் சங்கீதப் பித்துப் பிடித்தது. சடையாண்டிப் பத்தர் என்பவரிடம் பிடில் கற்றார். போட்டோ பிடிப்பதிலும், அச்சுத் தொழிலிலும், வான சாஸ்திரத்திலும் ஆசை வைத்தார். எதைப் பார்த்தாலும் அதைத் தாமே செய்து பார்க்க வேண்டும் என்ற குணம் அவருக்கு.

மூலிகை மருத்துவத்திலும் ஆசை உண்டு. கம்பத்துக்குப் பக்கத்தில் சுருளிமலை இருக்கிறது. மூலிகைகள் நிறைந்த மலை. அங்கே கருணானந்தர் என்ற முனிவரைக் கண்டார். அவரிடம் மருந்து முறைகளைக் கற்றார்.

அந்தக் குருவை அவர் கடைசி வரையில் மறக்கவில்லை. பிற்காலத்தில் வைத்தியசாலை வைத்தார். அதற்குக் கருணாநிதி வைத்தியசாலை என்று பெயர். தோட்டம் போட்டார், அது கருணானந்தபுரம். புத்தகம் எழுதினார், அது கருணாமிர்த சாகரம். எல்லாவற்றிலும் கருணை என்ற சொல் இருக்கிறது. சாமியார் இந்து. சீடர் கிறிஸ்தவர். அதனால் இருவருக்கும் நடுவில் ஒரு தடையும் வரவில்லை.

1882ஆம் ஆண்டு பண்டிதருக்குக் கல்யாணம் ஆயிற்று. மனைவி ஞானவடிவு பொன்னம்மாள். படித்த பெண். இருவருக்கும் தஞ்சாவூர் நேப்பியர் சீமாட்டி பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்தது. குடும்பம் தஞ்சாவூருக்கு வந்தது. பிறகு தஞ்சாவூரே சொந்த ஊர் ஆகிவிட்டது.

1890ஆம் ஆண்டில் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு முழு நேர வைத்தியர் ஆனார். ஊருக்கு வெளியே நிலம் வாங்கிப் பெரிய தோட்டம் அமைத்தார். மூலிகை வளர்த்தார். கரும்பு பயிரிட்டார். பண்டிதர் தோட்டம் என்று ஜனங்கள் அதை அழைத்தார்கள். 1909ஆம் ஆண்டு சர்க்கார் அவருக்கு ராவ்சாகிப் பட்டம் கொடுத்தது.

தஞ்சாவூரில் வெள்ளைக்காரர் சங்கீதம்

தஞ்சாவூர் என்றதும் நமக்கு நினைவு வருவது என்ன? பெரிய கோவில், தலையாட்டிப் பொம்மை, தியாகய்யர், தவில், நாகசுரம்.

ஆனால் அங்கே வெள்ளைக்காரர் சங்கீதமும் ஒலித்தது. அதற்குக் காரணம் சரபோஜி மன்னர். 1798 முதல் 1832 வரை ஆண்டவர். சுவார்ட்சு பாதிரியாரிடம் வளர்ந்தவர். அவருடைய அரண்மனையில் மேல்நாட்டு பாண்டு வாத்தியம் இருந்தது. மேல்நாட்டு இசை எழுதிய தாள்களை அவர் வாங்கிச் சேர்த்தார். சரசுவதி மகால் நூல் நிலையத்தில் அவை இருக்கின்றன.

பிடிலும் மேல்நாட்டுச் சரக்குதான். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அதை நம் பாட்டுக்கு வாசித்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகு பிடில் இல்லாத கச்சேரி ஏது?

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் பண்டிதர் வந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் கோவிலில் மேல்நாட்டு மெட்டுப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர் அவர். தஞ்சாவூரில் கர்நாடக சங்கீதத்தைக் கற்றார். கூடவே ஐரோப்பிய இசையையும் முறையாகக் கற்றார்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

நம் பாடகர் ஒரே பாட்டை ஒரே வழியில் பாடிக்கொண்டு போவார். பிடிலும் அதே வழியில் போகும். சுவரத்தை அசைத்து, வளைத்து, குழைத்துப் பாடுவதில்தான் நமக்கு இன்பம். இதைக் கமகம் என்கிறோம்.

ஐரோப்பியர் அப்படிச் செய்வது இல்லை. நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒரே நேரத்தில் வேறு வேறு சுவரங்களை வாசிப்பார்கள். எல்லாம் சேர்ந்து ஒலிக்கும்போது ஓர் அழகு பிறக்கிறது. ஒருவர் பிசகினால் எல்லாம் கெட்டுப் போகும். ஆகையால் ஒவ்வொருவர் முன்னும் எழுதிய தாள் இருக்கும். ஐந்து கோடுகள் போட்டு, அவற்றின்மேல் புள்ளிகளாகச் சுவரங்களை எழுதியிருப்பார்கள்.

இந்த எழுத்து முறை நம் ஊர்க்காரர்களை மயக்கியது. சென்னையில் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த சின்னசாமி முதலியார் என்பவர், தியாகய்யரின் கீர்த்தனங்களை இந்த ஐந்து கோட்டு முறையில் எழுதி 1893ஆம் ஆண்டில் வெளியிட ஆரம்பித்தார். வாயால் பாடும் பாட்டு மறந்து போகும், தாளில் எழுதினால் நிலைக்கும் என்பது அவர் எண்ணம். அவர் தூண்டியதன் பலனாகத்தான் எட்டயபுரம் சுப்பராம தீட்சிதரின் பெரிய சங்கீத நூல் 1904ஆம் ஆண்டில் வெளிவந்தது.

பண்டிதரும் அந்தக் காலத்து மனிதர். ஆனால் அவர் எழுதுவதோடு நிற்கவில்லை. கணக்குப் பார்க்க ஆரம்பித்தார்.

கணக்கு உதைத்தது

இந்த இடத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பண்டிதரின் வாழ்க்கையே இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

தந்தியை மீட்டினால் அது அதிர்கிறது. வேகமாக அதிர்ந்தால் குரல் உயரும். மெல்ல அதிர்ந்தால் தாழும்.

ஒரு நொடிக்கு 240 தடவை அதிரும் ஒலியைச் "ச" என்று வைத்துக்கொள்வோம். மேல் "ச" அதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 480. "ப" ஒன்றரை மடங்கு; அதாவது 360. இது உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட விஷயம். காதுக்கும் இனிமையாக இருக்கிறது.

இப்போது "ப"வையே "ச" என்று வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு "ப" பிடியுங்கள். அதற்கு மேல் இன்னொரு "ப" பிடியுங்கள். இப்படிப் பன்னிரண்டு தடவை செய்தால் பன்னிரண்டு சுவரங்களும் கிடைத்துவிடும். கடைசியில் புறப்பட்ட "ச"வுக்கே, ஏழு ஸ்தாயி மேலே, வந்து சேர வேண்டும்.

வந்து சேருகிறதா?

இல்லை. ஏழு ஸ்தாயி மேலே உள்ள "ச"வின் அதிர்வு 30,720. ஒன்றரை ஒன்றரையாகப் பெருக்கிக்கொண்டு போனால் கிடைப்பது 31,139. நூலிழை பிசகுகிறது. வட்டம் மூடவில்லை!

கிரேக்க நாட்டுப் பிதாகரஸ் காலத்தில் இருந்தே ஐரோப்பியருக்கு இது பெரிய தலைவலி. கடைசியில் அவர்கள் ஒரு சமாதானம் செய்துகொண்டார்கள். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமமான படிகளாகப் பிரித்துவிட்டார்கள். மாடிப்படி கட்டும் கொத்தனார் எல்லாப் படியையும் ஒரே உயரமாக வைப்பதுபோல! 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஐரோப்பா எங்கும் பியானோவை இப்படித்தான் சுருதி சேர்த்தார்கள்.

சமப் படியில் ஒரு லாபம் உண்டு. எந்தக் கட்டையில் இருந்து பாட்டை ஆரம்பித்தாலும் ஒரே மாதிரி ஒலிக்கும்.

ஒரு நஷ்டமும் உண்டு. 360 ஆக இருக்க வேண்டிய "ப" இம்மி குறைந்துவிடும். பரவாயில்லை, யாருக்கும் தெரியாது. ஆனால் 300 ஆக இருக்க வேண்டிய அந்தர காந்தாரம் 302க்கு மேல் போய்விடும். நல்ல காதுக்கு அது குத்தும். ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதைக் கண்டித்து எழுதினார். ஐரோப்பாவிலேயே சண்டை ஓயவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நம் நாட்டில் நிலைமை என்ன? 13ஆம் நூற்றாண்டில் சாரங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரம் என்ற வடமொழி நூல் இருக்கிறது. ஒரு ஸ்தாயிக்கு 22 சுருதிகள் என்பது அதன் முடிவு. எல்லாரும் 22 என்றார்கள். அந்த 22ஐயும் வீணையில் காட்டுங்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஓர் இடத்தைக் காட்டினார்கள்.

பண்டிதருக்கு இது பிடிக்கவில்லை. மருந்தில் கால் குன்றிமணி கூடினாலும் குறைந்தாலும் கணக்குப் பார்க்கிறவர் அல்லவா? சங்கீதத்தில் மட்டும் ஏன் கணக்கு உதைக்க வேண்டும் என்று யோசித்தார்.

ஆய்ச்சியர் ஆடிய வட்டம்

அவருக்கு விடை கிடைத்த இடம் சிலப்பதிகாரம்.

உ. வே. சாமிநாதய்யர் அந்த நூலைப் பழைய உரையுடன் 1892ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டார். அதில் ஆய்ச்சியர் குரவை என்ற பகுதி இருக்கிறது. மதுரைக்குப் பக்கத்தில் இடைச்சேரி. ஏழு இடைப் பெண்கள் வட்டமாகக் கைகோத்து ஆடுகிறார்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு சுவரத்தின் பெயர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். இவை ஏழும் தமிழர் ஏழு சுவரங்களுக்கு இட்ட பெயர்கள்.

உரையாசிரியர் அந்த வட்டத்தைப் பன்னிரண்டு இராசிகளாகப் பிரித்து விளக்குகிறார். மேடம், இடபம் என்று ஜாதகக் கட்டத்தில் வருகிற அதே பன்னிரண்டு வீடுகள். எந்தச் சுவரம் எந்த வீட்டில் நிற்கிறது என்று சொல்கிறார். ஒரு வீட்டில் இருந்து ஏழாவது சுவரத்துக்கு எப்படிப் போவது, ஐந்தாவதுக்கு எப்படிப் போவது என்று சொல்கிறார்.

பண்டிதர் திகைத்தார். வட்டம்! பன்னிரண்டு வீடு! எல்லா வீடும் சமம்!

ஐரோப்பியர் பல நூறு ஆண்டு மண்டையை உடைத்துக்கொண்டு கண்ட சமப் படிகளைத் தமிழன் அன்றே வட்டமாக வரைந்துவிட்டான் என்பது அவர் முடிவு. பன்னிரண்டு சமப் படிகளை ஆயப்பாலை என்றார். அவற்றை இரண்டிரண்டாக வெட்டினால் 24 சுருதி; அது வட்டப்பாலை. மேலும் வெட்டினால் 48, 96. பழைய தமிழர் இரண்டு சுவரங்களில் ஒவ்வொரு சுருதியைக் குறைத்துப் பாடிய முறையைப் பிற்காலத்தார் பார்த்து, மொத்தமே 22தான் என்று தப்பாக எண்ணிவிட்டார்கள் என்றும் விளக்கினார்.

இன்னொன்றும் அவருக்கு அங்கே கிடைத்தது. அதை நீங்களே செய்து பார்க்கலாம். வீட்டில் பிள்ளைகளின் ஆர்மோனியமோ கீபோர்டோ இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் கட்டைகளை மட்டும் அழுத்துங்கள்.

முதல் கட்டையைச் "ச" என்று வைத்து ஏழையும் அழுத்தினால் சங்கராபரணம். இரண்டாவது கட்டையைச் "ச" ஆக்கினால் அதே கட்டைகள் கரகரப்பிரியா ஆகிவிடும்! மூன்றாவதில் தொடங்கினால் தோடி. நான்காவதில் கல்யாணி. ஐந்தாவதில் அரிகாம்போதி. ஆறாவதில் நடபைரவி. கட்டை ஒன்றுதான். தொடங்கும் இடம் மாற மாற இராகம் மாறுகிறது.

இதைத்தான் பழந்தமிழர் பாலை திரிதல் என்றார்கள். ஏழு பெண்கள் ஆடிய வட்டத்தில் இந்த வித்தை முழுவதும் அடங்கியிருக்கிறது. வெள்ளைக்காரன் செய்த பெட்டியில் இடைச்சேரிப் பெண்களின் ஆட்டம்! பண்டிதருக்கு அந்தக் கட்டத்தை வரைந்தபோது எப்படி இருந்திருக்கும்?

ஐரோப்பாவில் அப்போது

அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் வேறு ஒரு கலகம் நடந்துகொண்டிருந்தது.

1889ஆம் ஆண்டில் பாரிசில் பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே சாவகத் தீவுக்காரர்கள் வெண்கல வாத்தியங்களை வாசித்தார்கள். டெபுசி என்ற பிரெஞ்சு இளைஞர் அதைக் கேட்டுச் சொக்கிப் போனார். பண்டிதரைவிட மூன்று வயது இளையவர். அதுவரையில் ஐரோப்பிய இசையில் பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று ஏறக்குறைய நம் சங்கராபரணம், மற்றொன்று சோக ரசம் உள்ளது. டெபுசி அந்த இரண்டு வேலிகளையும் தாண்டினார். பழைய பாதிரிமார் பாடிய மறந்துபோன மெட்டுகளைத் தேடினார். அந்த மெட்டுகளும் நாம் மேலே பார்த்த வெள்ளைக் கட்டை வித்தையில் பிறந்தவைதான். ஐந்து சுவர மெட்டுகளையும், ஆறு சமப் படி மெட்டுகளையும் கையாண்டார்.

ஆஸ்திரியா நாட்டில் வியன்னா நகரம். அங்கே ஷொன்பெர்க் என்பவர் இன்னும் ஒரு படி மேலே போனார். பன்னிரண்டு படிகளும் சமம் என்றால், ஒன்றுக்கு மட்டும் ஏன் தலைமை என்று கேட்டார். 1908ஆம் ஆண்டு முதல் "ச" என்ற ஆதாரமே இல்லாமல் இசை எழுதினார். சபையில் கூச்சல் எழுந்தது. ரஷியர் ஸ்டிராவின்ஸ்கி 1913ஆம் ஆண்டு மே 29ஆம் தேதி பாரிசில் ஒரு நாட்டிய இசையை அரங்கேற்றினார். அன்றும் ஜனங்கள் கொட்டகையில் கத்திச் சண்டை போட்டார்கள்.

இங்கிலாந்தில் ஹோல்ஸ்ட் என்பவர் பெண்கள் பள்ளியில் இசை வாத்தியார். அவர் சமஸ்கிருதம் கற்றார். வேதப் பாடல்களுக்கு மெட்டுப் போட்டார். சாவித்திரி கதையை 1908ஆம் ஆண்டில் இசை நாடகமாக எழுதினார்.

விந்தையைப் பாருங்கள். ஐரோப்பியர் தங்கள் பழைய வேலியை உடைக்கக் கிழக்கே பார்த்தார்கள். தஞ்சாவூர் வைத்தியர் தம் பழைய செல்வத்தை அளக்க மேற்கே பார்த்தார். இருவரும் கையில் வைத்திருந்தது அதே பன்னிரண்டு படிகள். ஷொன்பெர்க் அந்தப் படிகளைக் கொண்டு "ச"வைத் துரத்தினார். பண்டிதர் அவற்றைக் கொண்டு "ச"வைச் சுற்றி வட்டம் போட்டார். தம்பூரா மீட்டும் நாட்டில் "ச"வைத் துரத்த முடியுமா?

தஞ்சை மகாநாடுகள்

தாம் கண்டதை மற்றவர்களும் சோதிக்க வேண்டும் என்று பண்டிதர் விரும்பினார். சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்ற சங்கத்தை ஏற்படுத்தினார். முதல் மகாநாடு 1912ஆம் ஆண்டு மே 27ஆம் தேதி தஞ்சாவூரில் கூடியது. 1914ஆம் ஆண்டுக்குள் ஆறு மகாநாடுகள் நடந்தன. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் போன்ற பெரிய வித்துவான்கள் இந்தச் சங்கத்தோடு தொடர்பு வைத்திருந்தார்கள்.

வித்துவான்கள் அந்தக் காலத்தில் இப்படிக் கூடி விவாதிப்பது வழக்கம் இல்லை. தம் வித்தையைத் தம் வீட்டுக்குள்ளேயே பூட்டி வைப்பார்கள். அவர்களை ஒரே பந்தலில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டதே ஒரு சாதனை என்பேன்.

எல்லாரும் அவரை ஒப்புக்கொண்டு விடவில்லை. பலர் 22தான் என்று சாதித்தார்கள். அவர் சொந்தச் செலவில் கூட்டிய கூட்டத்திலேயே அவரை எதிர்த்தார்கள். அவர் அதற்காகக் கூட்டத்தை நிறுத்திவிடவில்லை. மேலும் மேலும் அழைத்தார்.

வீட்டிலேயும் அவர் ஒரு வேலை செய்துகொண்டிருந்தார். பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுக்கும்போது ஒரு குறை தெரிந்தது. பெரும்பாலான பாட்டுகள் தெலுங்கில் இருந்தன. பொருள் தெரியாமல் குழந்தைகள் பாடினார்கள். ஆகையால் கீதம், சுரஜதி, வர்ணம், கீர்த்தனம் எல்லாவற்றையும் தாமே தமிழில் எழுதினார். தொண்ணூறுக்கு மேற்பட்ட பாட்டுகளைச் சேர்த்து 1907ஆம் ஆண்டில் புத்தகம் போட்டார். தமிழ் இசை இயக்கம் பிறப்பதற்கு முப்பது ஆண்டுக்கு மேல் முந்தி!

இடையில் துக்கமும் வந்தது. 1911ஆம் ஆண்டில் ஞானவடிவு அம்மாள் காலமானார். வைத்தியசாலையைக் கட்டி வளர்த்ததில் பாதி அந்த அம்மாளின் உழைப்பு.

பரோடாவில் இரண்டு பெண்கள்

1916ஆம் ஆண்டு மார்ச் மாதம். பரோடா மகாராஜாவின் ஆதரவில் அகில இந்திய சங்கீத மகாநாடு நடந்தது. வடநாட்டு இசை மேதை பாத்கண்டே முன்நின்று நடத்தினார். இந்தியாவில் அப்படி ஒரு மகாநாடு நடந்தது அதுவே முதல் தடவை.

அங்கே ஒரு புது மாதிரி ஆர்மோனியம் வந்திருந்தது. 22 சுருதிகளும் ஒலிக்கும்படி செய்தது. அதைச் செய்யத் தூண்டியவர்கள் தேவல் என்ற மராட்டியரும், கிளெமென்ட்ஸ் என்ற வெள்ளைக்கார உத்தியோகஸ்தரும். வேடிக்கையாக இல்லையா? வெள்ளைக்காரர், பியானோவின் சமப் படி இந்திய இசைக்கு ஆகாது என்றார். தமிழர், சமப் படி எங்கள் பாட்டன் சொத்து என்றார்!

பண்டிதர் வெறும் பேச்சை மட்டும் நம்பவில்லை. தம் பெண்களை அழைத்துப் போயிருந்தார். மரகதவல்லி, கனகவல்லி. பண்டிதர் கணக்கைச் சொன்னார். பெண்கள் அதைப் பாடியும் வீணையில் வாசித்தும் காட்டினார்கள்.

இன்று பள்ளிக் குழந்தைகள் மேடை ஏறிப் பாடுகிறார்கள். 1916ஆம் ஆண்டில் கௌரவமான குடும்பத்துப் பெண்கள் சபையில் பாடுவது என்றால் ஊர் வாயை மூட முடியாது. மொழி தெரியாத ஊரில், அரசரும் பண்டிதர்களும் கூடிய சபையில், தகப்பனாரின் ஆராய்ச்சிக்குச் சாட்சியாக அந்தப் பெண்கள் பாடினார்கள். பண்டிதரின் துணிச்சலைவிட அந்தப் பெண்களின் துணிச்சல் பெரியது என்று எனக்குத் தோன்றுகிறது.

பரோடாவில் வழக்குத் தீர்ந்துவிடவில்லை. 22 கட்சி 22லேயே நின்றது. பண்டிதர் 24உடன் ஊர் திரும்பினார்.

கருணாமிர்த சாகரம்

1917ஆம் ஆண்டில் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். வேறு அச்சகத்துக்குப் போகவில்லை. தஞ்சாவூரில் சொந்தமாகவே மின்சார அச்சகம் வைத்திருந்தார். பக்கம் பக்கமாகக் கணக்குகள். தந்தியின் நீளம் இவ்வளவு, அதிர்வு இவ்வளவு என்று அட்டவணைகள். மேல்நாட்டு இசை நூலாசிரியர்களின் கருத்துகளும் உண்டு. சாரங்கதேவரின் கருத்தும் உண்டு. ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்க்கிறார்.

நூலில் உள்ள எல்லாவற்றையும் இன்று ஒப்புக்கொள்ள முடியாது. கடல் கொண்ட லெமூரியாக் கண்டத்தில் தமிழரின் ஆதி சங்கீதம் பிறந்தது என்று அவர் எழுதினார். அந்தக் காலத்தில் படித்தவர்கள் பலர் அப்படி நம்பினார்கள். அப்படி ஒரு கண்டம் இருந்தது இல்லை என்பது இன்றைய பூமி சாஸ்திரம்.

24 சுருதி விஷயமும் அப்படித்தான். நம் வித்துவான்கள் கமகத்தோடு பாடும்போது சுவரம் ஓர் இடத்தில் நிற்பதே இல்லை; ஊஞ்சல்போல் ஆடுகிறது. அதை 22 என்றும் 24 என்றும் ஆணி அடித்து நிறுத்துவது கஷ்டம். ஆனால் தஞ்சாவூர் வீணையைப் பாருங்கள். ஸ்தாயிக்குப் பன்னிரண்டு மெட்டு, மொத்தம் 24 மெட்டு. பன்னிரண்டு வீட்டுக் கணக்கில் பண்டிதர் பக்கம் பலம் இருக்கத்தான் செய்கிறது.

சிலப்பதிகாரத்தைப் புலவர்கள் இலக்கியமாகப் படித்தார்கள். அதைச் சங்கீத நூலாகப் படிக்க வைத்தவர் பண்டிதர். அதற்கு ஐரோப்பிய இசைக் கணக்கு அவருக்குக் கைவிளக்காக உதவியது.

புத்தகம் வந்து இரண்டே ஆண்டுகள். இரண்டாம் பாகத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் தேதி பண்டிதர் காலமானார். வயது 60. பாரிசில் டெபுசி அதற்கு முந்தின ஆண்டு, 1918 மார்ச்சு மாதத்தில் இறந்திருந்தார்.

இரண்டாம் பாகம் என்ன ஆயிற்று? 27 ஆண்டுகள் கழித்து, 1946ஆம் ஆண்டில் வெளிவந்தது. வெளியிட்டவர், பரோடாவில் பாடிய அதே மரகதவல்லி அம்மாள்.

மறு ஆண்டே இலங்கையில் பிறந்த விபுலானந்த அடிகள் யாழ் நூல் என்ற பெரிய நூலை வெளியிட்டார். அதிலும் சிலப்பதிகார வட்டம் உண்டு. ஆனால் அடிகள் 22 சுருதிக் கட்சி. 1950ஆம் ஆண்டில் பண்டிதரின் மகன் வரகுண பாண்டியன் பாணர் கைவழி என்ற நூலை எழுதி அடிகளை மறுத்தார். 1912ஆம் ஆண்டில் தகப்பனார் தஞ்சாவூர்ப் பந்தலில் ஆரம்பித்த வழக்கைப் பிள்ளைகள் நடத்திக்கொண்டிருந்தார்கள்.